ஏற்றத்தில் நின்ற டிராக்டர்

பட்டு வேட்டியைத் தொடைக்கு மேல் சுருட்டிக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அருண்பாண்டியன் டிராக்டர் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தான். கழுத்து மாலை ஸ்டீயரிங்கில் தொங்கியது. முழங்கை வரை கிரீஸ். ஒன்பது மணிக்கு முகூர்த்தம் முடிகிறது, இன்னும் அரை மணி நேரம்தான் இருந்தது.

பெண்ணின் ஊரான பேத்துப்பாறைக்குப் போகும் குறுகலான பாதை அது. பந்தலுக்கு நாற்காலி ஏற்றிவந்த பழைய டிராக்டர், ஏற்றத்து வளைவில் டிரெய்லரோடு குறுக்கே நின்றுவிட்டது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். நாயுடுபுரத்திலிருந்து கிளம்பிவந்த மாப்பிள்ளை வீட்டு வண்டிகள் அத்தனையும் பின்னால் மாட்டிக்கொண்டன.

பெண்ணின் அண்ணன் தனசேகர் ஊர்ப்பக்கமிருந்து ஜீப்பில் வந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக டிராக்டர் ஓட்டிவந்த மலைச்சாமியின் சட்டையைப் பிடித்தான்.

"ஏலே, ஓடாத வண்டிய எதுக்குலே ரோட்டுக்குக் கொண்டாந்த?"

"சட்டையில இருந்து கைய எடுங்க. ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. புகை கருப்பா வருது, நிறுத்துங்கன்னு மாப்ள சொன்னாரு. நிறுத்துனேன். அப்புறம் புடிக்கவே இல்ல."

"புகை வர்றதுகூடத் தெரியாம ஓட்டிருக்க. நீயெல்லாம் ஒரு டிரைவர்."

"அவர விடுங்க மச்சான். ரெண்டு நிமிஷம்" என்றான் அருண்பாண்டியன், தலையை வெளியே எடுக்காமலே.

தனசேகர் மலைச்சாமியின் சட்டையை விட்டான். வேன் ஓட்டும் பெர்லினைத்தான் கட்டுவேன் என்று ஆறு மாதம் ஒற்றைக்காலில் நின்றவள் அவன் தங்கை ரம்யா. போனைப் பிடுங்கி, கதவைப் பூட்டி, கையையும் ஓங்கித்தான் அவளை இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தான். இன்றைக்குத் தாலி ஏறாவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் ஏறாது என்று அவனுக்குத் தெரியும்.

நல்லவேளையாக மாப்பிள்ளை அப்பாவி. பெண் பார்க்க வந்த அன்று ரம்யாவின் கண் வீங்கியிருந்ததைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தான். ஜலதோஷம் என்றதும் தலையாட்டிக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போனான். நாயுடுபுரத்தில் டிராக்டர் மெக்கானிக், கைராசிக்காரன் என்று பெயர். இன்றைக்கும் விடியும் முன்பே தன் தங்கை தமிழ்மதியைக் காரோடு அனுப்பி, ரம்யாவை நாயுடுபுரம் பார்லருக்கு அலங்காரத்துக்கு அழைத்துப் போகச் செய்திருந்தான்.

"ரம்யா வர்ற கார் எங்க மாப்ள?"

"கடைசியில நிக்கும் மச்சான்."

"நடந்து வரச் சொல்லுங்க. உங்க ரெண்டு பேரையும் என் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிர்றேன்."

"மழை பெஞ்சு சேறாக் கெடக்கு. பட்டுச்சேலையோட எதுக்கு நடக்க விடணும்? இந்தா, வெரசா ஸ்டார்ட் ஆகிரும்."

போனில் கூப்பிடலாம் என்றால் அந்த வளைவில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

அருண்பாண்டியன் பேட்டரி முனைகளைச் சுரண்டிவிட்டுச் சாவியைத் திருப்பினான். செல்ஃப் மோட்டார் கிர்ரென்று சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்று ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தான். மறுபடி சாவி, மறுபடி வெறும் சுற்றல். நடுநடுவே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

"தாலி கட்டறதுல தம்பிக்கு எம்புட்டு ஆசை பாருங்க" என்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் உருகினார்.

"முகூர்த்தம் தவறுச்சுன்னா உன் வண்டியக் கொளுத்திருவேன்" என்று தனசேகர் மலைச்சாமியிடம் பல்லைக் கடித்தான்.

"கொளுத்துங்க. ரோட்டுலதான நிக்குது" என்றார் மலைச்சாமி. நாலு பேர் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்கள்.

மணி ஒன்பதைத் தாண்டியது. அருண்பாண்டியன் நிமிர்ந்து ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"தள்ளுங்க மாப்ள" என்று தனசேகரே குனிந்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆனால் அவனும் இருபது வருடம் டிராக்டர் ஓட்டியவன். தளர்த்திய ஸ்க்ரூவில் ஒரு சொட்டு டீசல் இல்லை. வெறும் காற்றுக்கோளாறு என்றால் நுரையாவது வந்திருக்க வேண்டும். டேங்க் மூடியைத் திறந்தான், டீசல் கழுத்து வரை இருந்தது. டேங்கிலிருந்து இறங்கும் குழாயோடு விரலை ஓட்டிக்கொண்டு போனான். அடியில் டீசலைத் திறந்து மூடும் திருகு இறுக மூடியிருந்தது.

திறந்துவிட்டு, பம்பை அடித்து, ஸ்க்ரூவை முடுக்கினான். சாவியைத் திருப்பியதும் என்ஜின் படபடவென்று பிடித்துக்கொண்டது.

"நீதானலே இத மூடுன?" என்று மலைச்சாமியை அறையப் பாய்ந்தான். ஓங்கிய கையை அருண்பாண்டியன் பிடித்துக்கொண்டான்.

"அவர அடிக்காதீங்க. மூடுனது நான்."

தனசேகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன மாப்ள சொல்றீங்க? அங்க ரம்யா உங்களுக்காகக் காத்துக்கிட்டு..." என்று ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தி வண்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

அருண்பாண்டியன் கையைப் பட்டு வேட்டியிலேயே துடைத்தான். என்ஜின் இரைச்சலில் காதில் விழ வேண்டுமே என்று கிட்டே வந்து சொன்னான்.

"பெர்லின் வேன் இந்நேரம் வத்தலக்குண்டு தாண்டியிருக்கும் மச்சான்."