பூட்டிய விலாசம்

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டதும், நரைத்த தலைக்காரர் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னல் முன் வந்து உட்கார்ந்தார்.

"எம் பொண்ணு வீடு மாறிட்டா. புது விலாசம் வேணும்."

"தர முடியாதுங்க." எழுத்தர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொல்லக் கூடாதுன்னு அவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"நான் அப்பன்மா. எதிர்ல நின்னு பாத்துட்டு வந்துடுவேன். கதவைக்கூடத் தட்ட மாட்டேன்."

"அப்பாவா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்."

"உன் பாஸ்வேர்டைத் தட்டினா ரெண்டு நிமிஷம். அப்படி என்ன கல்லு மனசு?"

"விலாசத்தை யார் திறந்தாலும் பதிவாகும். அவங்களுக்குத் தகவல் போயிடும். மறுபடி வீடு மாறிடுவாங்க."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. அவர் எழுந்திருக்கவில்லை. குரலை மட்டும் தாழ்த்தினார்.

"வீட்டுல கேட்டா, ஆபீஸ் பேச்சு இங்க வேணாம்ங்கிற. இங்க வந்தா சட்டம்ங்கிற. மூணு வருஷமாச்சு. நீயாவது திறந்து பாத்தியாடி?"

"இல்ல."

"பெத்தவளுக்குக் கூடவா சொல்லக் கூடாது?"

அவள் அடுத்த எண்ணுக்கான பொத்தானை அழுத்தினாள்.

"ரெண்டே பேருக்குத்தான் சொல்லக் கூடாதுன்னு மனுவுல எழுதியிருக்கா. முதல் பேரு என்னோடது."