பூட்ஸில் ஈரச் சேறு

வாசலில் கிடந்த ஆண்கள் பூட்ஸில் சேறு இன்னும் காயவில்லை. உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி குனிந்து அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டார்.

அவர் தட்டுவதற்குள் கதவு திறந்தது. கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள் வீட்டுக்காரி.

"உங்க வீட்டுக்காரருக்குக் கால் விளங்கலைன்னு மாசாமாசம் பணம் வாங்கறீங்க. ஆனா அவர் ஜம்முனு கடைக்குப் போயிட்டு வரார்னு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. பத்து மணிக்கு மேல போனா கையும் களவுமா பிடிக்கலாமாம். நிஜம்னா இன்னையோட பணம் நின்னுடும். பூட்ஸ் யாருது?"

"அவரோடது. போட்டுக்கறது நான். செடி விக்கிற தோட்டத்துல தண்ணி பாய்ச்சற வேலை. இப்பத்தான், பத்து மணிக்கு, வீட்டுக்கு வந்தேன்."

"சும்மா வர்ற பணம்னா எல்லாருக்கும் நல்லா கதை வரும்."

"சும்மா வரலை சார். இருபது வருஷம் சாரத்துல தொங்கி இந்த ஊருக்கெல்லாம் பெயின்ட் அடிச்சவர். சோப்பு வாங்கினாக்கூட வரி கட்டினோம். விழுந்தா தாங்கிப் பிடிக்கத்தானே அதை வாங்கினீங்க? உள்ளே வந்து நல்லா பாருங்க."

கணவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். மேலே கூரையில் ஒரு ஓதக்கறை, யாரும் போகாத தேசத்தின் வரைபடம்போலப் படர்ந்திருந்தது. மூன்று வருடமாக அவர் பார்த்துவரும் ஒரே வெளியூர் அதுதான்.

அதிகாரி பேனா முனையால் அவருடைய உள்ளங்காலில் குத்தினார்.

"இன்னும் அழுத்திக் குத்துங்க சார்," என்றார் கணவர். "தூக்கத்துல எழுந்து கடைக்குப் போயிடறேனோன்னு எனக்கே சந்தேகமாத்தான் இருக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. சூம்பிப் போன அந்தக் கால்களைப் போர்வையால் அவரே மூடினார். "புகார் பொய்னு எழுதிடறேன்மா."

"நேர்ல பார்த்தேன், இவரால நடக்க முடியாதுன்னும் எழுதுங்க. கையெழுத்தோட எனக்கு ஒரு நகல் வேணும்."

"உங்களுக்கு எதுக்கு?"

அவள் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை உருவினாள். சக்கர நாற்காலி கேட்டுப் போட்ட பதினோரு மனுக்கள். ஒவ்வொன்றிலும் ஒரே பதில்: 'அதிகாரி நேரில் பார்வையிட்ட பிறகே பரிசீலிக்கப்படும்.'

"மூணு வருஷமா யாருமே வரலையா?"

"வந்திருந்தா இவர் எப்பவோ தெருவைப் பார்த்திருப்பார்."

அதிகாரி எழுதிக் கையெழுத்திட்டு ஒரு நகலைக் கொடுத்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"உங்களுக்கு ஆகாதவங்க யாரோ பக்கத்துலயே இருக்காங்கம்மா. நீங்க வீட்டுல இருக்கற நேரம்கூடத் தெரிஞ்சிருக்கு. யாராயிருக்கும்?"

அவள் நகலை நான்காக மடித்து, கையிலிருந்த மனுக்களின் மேல் வைத்தாள்.

"மனு போட்டா நீங்க வரலை சார். அதான் மொட்டைக் கடுதாசி போட்டேன்."