இன்னும் பன்னிரண்டு நிமிடம்

ஓவியம் முடிந்துவிட்டது. கச்சேரி முடியத்தான் இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறது. கண்காட்சிக் கூடத்தின் நடுவே, ஆளுயரக் கான்வாஸின் முன்னால் தூரிகையோடு நிற்கிறார் ஓவியர். கான்வாஸின் முதுகில் ஒட்டிய மைக்குகள் அவர் இழுக்கும் ஒவ்வொரு கோட்டையும் நான்கு ஒலிபெருக்கிகளில் சரசரக்க வைக்கின்றன. ‘முன்தயாரிப்பே இல்லாத வண்ண இசை, நாற்பது நிமிடம்’ என்று அழைப்பிதழில் அச்சடித்தாயிற்று. நீலத்தின் மேல் தானாக வழிந்து நின்றுவிட்ட அந்த மஞ்சள், பத்து வருடமாக அவருக்குப் போக்குக் காட்டிய மஞ்சள். இனி தொட்டால் படம் கெடும். தொடாவிட்டால் சத்தம் நின்றுவிடும். மஞ்சளை விட்டுத் தள்ளி, ஓரத்து வெள்ளையிலேயே தூரிகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். முன்வரிசை விமர்சகர் கண்களை மூடித் தலையாட்டுகிறார். ஓரத்து வெள்ளையும் தீர்கிறது. மூக்கு நுனியில் வியர்வை தொங்க, கை நிற்கிறது. ஒலிபெருக்கிகள் அடங்குகின்றன. “டேய், நல்லா வந்திருக்குடா. அதோட விட்டுடு, கைய வைக்காத!” என்கிறாள் இரண்டாம் வரிசையிலிருந்து அவருடைய அக்கா. விமர்சகர் கண் விழித்து, ‘மனிதக் குரலின் ஊடுருவல்’ என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு மறுபடி கண்களை மூடிக்கொள்கிறார். தூணோரம் நிற்கும் அமைப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார்: “அண்ணே, இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. சத்தமே வரலயே.” ஓவியர் அக்காவைப் பார்க்கிறார், மஞ்சளைப் பார்க்கிறார், அகலத் தூரிகையைக் கறுப்பில் முக்குகிறார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மஞ்சளின் மேல் கறுப்பு ஏறும் நீண்ட, ஈரமான சத்தத்துக்கு, கண்ணைத் திறக்காமலே “அடடா!” என்கிறார் விமர்சகர்.