கம்பளத்தில் ஒரு கறை

"கறை எங்கம்மா?"

கணினித் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கண்களைச் சுருக்கிக்கொண்டு கேட்டார் ஞானபாக்கியம்.

கம்பளங்களுக்கு டிசைன் வரையும் ஸ்ரீரஞ்சனி பெருமையாகச் சிரித்தாள். "எடுத்துட்டேன்மா. நீங்க குடுத்த பழைய போட்டோவுல கம்பளத்துக்கு நடுவுல பெரிய கறை ஒண்ணு இருந்துச்சு. பூவெல்லாம் அப்படியே வச்சு, கறையை மட்டும் அழிச்சிட்டேன். இப்பப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு."

"புதுசு மாதிரி எனக்கு வேண்டாம். அந்தக் கறை வேணும்."

ஸ்ரீரஞ்சனியின் கை மவுஸிலேயே நின்றது.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்தது அந்தக் கம்பளப் பட்டறை. உள்ளே இரண்டு கைத்தறிகள். மூலையில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் நூலைச் சரசரவென்று குத்தி ஏற்றும் புது மின்துப்பாக்கி. மாதக்கணக்கில் முடிச்சுப் போட்டு நெய்ய வேண்டிய கம்பளத்தை அது சில நாளிலேயே முடித்துவிடும். அதை இயக்கிக்கொண்டிருந்த பட்டறைக்காரர் இசக்கிமணி, நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, பழைய கம்பளத்தையே கொண்டு வாங்களேன். சரி பண்ணித் தாரேன்."

"அது இருந்தா நான் எதுக்கு இங்கன வாரேன்? வீட்டைப் புதுசாக்கும்போது, கிழிஞ்சு கெடக்குன்னு என் பையன் தூக்கிப் போட்டுட்டான்."

"சரி. ஆனா புதுக் கம்பளத்துல எதுக்குக்கா கறை? பாக்குதவங்க என்ன நினைப்பாங்க? இசக்கிமணி அழுக்குக் கம்பளத்தைத் தலையில கட்டிட்டான்னு சொல்லுவாங்க."

"உங்க பேரை யாருட்டயும் சொல்ல மாட்டேன் தம்பி."

அது இசக்கிமணிக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆவல் விடவில்லை. "என்ன கறைக்கா அது?"

"காப்பி. கருப்பட்டிக் காப்பி."

"யாரு கொட்டினது?" என்று ஸ்ரீரஞ்சனி கேட்டாள்.

ஞானபாக்கியம் லேசாகச் சிரித்தார். "பேப்பர் குடும்மா. போட்டோவுல பாதிதான் தெரியுது. நான் வரைஞ்சு காட்டுதேன்."

யோசிக்காமல் வரைந்தார். ஒரு பக்கம் அகன்று, மறுபக்கம் வால்போல் நீண்டு, நுனியில் தனியாக ஒரு சொட்டு. "எத்தனை வருசம் தேச்சிருக்கேன் இதை. சோப்பு, எலுமிச்சம்பழம், சோடா உப்பு எல்லாம் போட்டாச்சு. போகவே இல்ல."

"போகலைன்னு தேச்சீங்க. இப்பப் போயிட்டுதுன்னு கேக்குதீங்க" என்றார் இசக்கிமணி.

"ஆமா தம்பி. சீக்கிரம் வேணும்."

அவர் போனதும் ஸ்ரீரஞ்சனி மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, அவங்க வீட்டுக்காரர் கொட்டினதா இருக்கும். போட்டோவுல பக்கத்துல நிக்காருல்லா, அவரு. இப்ப உயிரோட இல்லபோல."

இசக்கிமணி அந்தப் பேப்பரை எடுத்துச் சட்டத்தில் குத்தி வைத்தார்.

பூக்களும் ஓரங்களும் துப்பாக்கியில் வேகமாக ஏறின. கறைதான் படுத்தியது. துப்பாக்கியில் ஏற்றினால் அது கறையாக இல்லாமல், வெட்டி ஒட்டிய பழுப்புத் துணிபோல் இருந்தது. இசக்கிமணி அந்த இடத்தைப் பிரித்தார். கருத்த நூலையும் வெளுத்த நூலையும் சேர்த்து முறுக்கி, ஊசியால் கையாலேயே கோத்தார். ஓரத்துக்கு எந்த நிறம் வரவேண்டும் என்று ஸ்ரீரஞ்சனி திரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்தபோது இருவருக்குமே ஒரு துணியை எடுத்துத் துடைக்கலாமா என்று தோன்றியது.

சாரல் பிடித்துக்கொண்டதால் கம்பளத்தின் முதுகில் தடவிய பசை காயவில்லை. ஞானபாக்கியம் தினமும் போன் செய்தார். "காத்தாடி போட்டுக் காய வைக்க முடியாதா தம்பி?" என்று அவர் கேட்ட குரல், கம்பளத்தைக் கேட்கிற மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கேட்கிற மாதிரி இருந்தது.

பசை காய்ந்த அன்றே இருவரும் வண்டியில் ஏற்றிக்கொண்டு இலஞ்சியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனார்கள்.

கதவைத் திறந்தவரைப் பார்த்து ஸ்ரீரஞ்சனி திகைத்தாள். போட்டோவில் இருந்த அதே மனிதர். தலை மட்டும் நரைத்திருந்தது.

"பாக்கியம், கம்பளம் வந்துட்டு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அவர்.

இசக்கிமணி ஸ்ரீரஞ்சனியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முன்னறையில் ஜன்னலோரம் மிகவும் வயதான ஒரு பெண்மணி நாற்காலியில் இருந்தார். இசக்கிமணி வணக்கம் சொன்னார். அந்தப் பெண்மணியின் பார்வை சுவரைவிட்டு நகரவில்லை.

"எங்க அத்தை" என்றார் ஞானபாக்கியம். "இவரைப் பெத்தவங்க. கொஞ்ச நாளாவே ஞாபகம் இல்ல. பழைய கம்பளம் போனதுக்கப்புறம் சுத்தமாப் பேச்சும் நின்னுபோச்சு. மகனையே யாரோன்னு பாக்குதாங்க. நீங்க விரிங்க தம்பி. அவங்க காலுக்கு நேரா கறை வரட்டும்."

கம்பளத்தை விரித்தார்கள். கிழவியின் பார்வை மெல்லச் சுவரிலிருந்து இறங்கியது. பூக்களின் மேல் நகர்ந்து, கறைக்கு வந்ததும் நின்றது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

"ஏட்டி பாக்கியம், கல்யாணமாகி வந்த அன்னைக்கே காப்பியைக் கொட்டி என் கம்பளத்தைப் பாழாக்கிட்டு, இன்னும் அதைத் தொடைக்காம என்னட்டி நிக்க?"

ஞானபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஸ்ரீரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டியாம்மா, என் பேரைச் சொல்லி ஏசுதாங்க."