டாலஸ் பக்கம் நல்ல இடம்

“இதுவும் சரிப்படாது” என்று வண்டியை நிறுத்தாமலே சொன்னார் கார்ல்டன். கேம்ப் வாசலைக் கண்டாலே அவர் முகம் கடுகடுத்துவிடுகிறது.

காலையிலிருந்து டாலஸ் நகரத்தைச் சுற்றிச் சுற்றி இதுதான் நடக்கிறது. முன்னால் பிக்கப் வண்டி. அதற்குப் பின்னால் கட்டிலும் அடுப்பும் கழிப்பறையுமாக நீளமான டிரெய்லர். வீட்டை விற்ற பிறகு அவர்களுடைய மொத்தக் குடித்தனமும் அதற்குள்தான்.

இப்படிப்பட்ட வண்டிகளை நிறுத்தித் தங்க வாடகைக்கு இடம் தருபவைதான் இந்தக் கேம்புகள். ஒரு கேம்பில் நிழல் இல்லையாம். இன்னொன்றில் தண்ணீர் நாறுமாம். இறங்கிப் பார்க்காமலே இவருக்கு எப்படி நாறியதோ தெரியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேடீனுக்கு உண்மைக் காரணம் தெரியும். டாலஸில்தான் மகள் கிறிஸ்டா இருக்கிறாள், நிறைமாதக் கர்ப்பிணி. போன வருடம் அவள் சொல்லாமல் கொள்ளாமல் கோர்ட்டில் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். சர்ச்சில் மணமகளாக மகளைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஆசையாக இருந்த கார்ல்டன், அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

மனிதர் நெப்ராஸ்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். முன்வைத்த காலைப் பின்வைக்க மாட்டார். காலையில் ஒரு சந்தில் வழி தவறியபோதுகூட, நேராகவே போய்ப் பாதி ஊரைச் சுற்றிக்கொண்டுதான் வந்தார்.

கண்ணெதிரே மகள் ஊரின் கட்டடங்கள் தெரிகின்றன, போகத்தான் முடியவில்லை. இந்தப் பிடிவாதக்காரரோடு ஓடுகிற பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறோமே என்று நேடீனுக்கு அழுகையே வந்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை போன் செய்தார். கிறிஸ்டாவுக்கு வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

நேடீன் கணவரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு கேம்பைப் போனிலேயே பிடித்துப் பணமும் கட்டிவிட்டாள்.

“இனி நான் சொல்ற இடந்தான். பேசாம ஓட்டு.”

அவர் பேசாமல் ஓட்டினார். குறை சொல்லவே முடியாத கேம்ப் அது. ஓக் மரங்களின் நிழல் இருந்தது, தண்ணீரும் மின்சாரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே, ஏரியைப் பார்த்தபடி அவர்களுக்கான இடம் காலியாகக் கிடந்தது.

சாயங்கால வழக்கப்படி அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலிகளைப் போட்டு, கையில் பீரோடு, புதிதாக வரும் வண்டி பின்பக்கமாக இடத்துக்குள் நுழைவதை வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தார்கள். ஒருவர் கையசைத்து வரவேற்றார்.

கார்ல்டன் பாதையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். இஞ்சின் ஓடியது, வண்டி அசையவில்லை.

நேடீன் கதவைத் திறந்தாள். “பெத்த பொண்ணைவிட உன் ரோஷந்தான் பெருசுன்னா நீ இங்கேயே கிட. நான் டாக்ஸி பிடிச்சுப் போறேன்.”

அவர் சட்டென்று அவள் கையைப் பிடித்தார்.

“ரோஷமெல்லாம் எப்பவோ போச்சு. எனக்கும் அவளைப் பார்க்கணும்.”

“அப்புறம் என்னதான் உனக்கு?”

நாற்காலிக்காரர்களை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார் கார்ல்டன்.

“டிரெய்லரை மாட்டிக்கிட்டு எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது, நேடீன்.”