ஒரு மூட்டை அரிசி

கம்ப்யூட்டரில் அரிசி இருப்பைக் கிலோவிலிருந்து மூட்டைக்கு மாற்றிய நாள் முதல், குடோன் தராசுக்கு வேலையில்லை.

ஒருநாள் பக்கத்திலிருந்த மூட்டை அழுதது. "அண்ணே, எலி ஓட்டை போட்டிருச்சு. பாதி அரிசி போச்சு. யார்கிட்டயாவது சொல்லுங்கண்ணே."

"என்மேல ஏத்தி வச்சாத்தானே நான் சொல்ல முடியும்?" என்றது தராசு.

மூட்டை கம்ப்யூட்டரிடம் கெஞ்சியது.

"நேத்தும் நீ ஒரு மூட்டை, இன்னிக்கும் ஒரு மூட்டை. என்ன குறைஞ்சு போச்சு?" என்றது அது.

எலி தினமும் வந்தது. அடுத்த மாதம் வெள்ளமும் வந்தது. முகாமுக்காக அந்த மூட்டையைத் தூக்கிய லோடுமேன் சுடலை, "அப்பாடா, லேசா இருக்கு" என்று சந்தோஷப்பட்டான்.

முகாமில் உலை கொதித்தது. தட்டோடு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூட்டையைக் கவிழ்த்து உதறினார்கள். இரண்டு பிடி விழுந்தது.

"அனுப்பியது ஒரு மூட்டை, சேர்ந்தது ஒரு மூட்டை" என்று கம்ப்யூட்டர் பதிந்துகொண்டது.