கட்டி வைக்கக் கூடாது

“சர்க்காருக்கும் எம்மவன் கல்யாணத்துக்கும் என்னாங்க டீச்சரம்மா சம்பந்தம்?”

செருப்பைப் பள்ளிக்கூட வாசலில் உதறிவிட்டு நேராக மேசைக்கே வந்து நின்றாள் ராணியம்மாள். பொம்மிடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பின்னால் அவள் தம்பி தீர்த்தகிரி, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி.

“எந்தக் கல்யாணம்?” என்றாள் தெரசா டீச்சர்.

“எம்மவன் காளியப்பனுக்கும் இவன் பொண்ணு வேடியம்மாவுக்கும். மொறப் பையன், ரயில்வேயில வேலை. தையில கட்டி வைக்கறதா பேசி முடிச்சாச்சு. இப்ப வந்து, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள கட்டி வைக்கக் கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்குதுங்கறான்!”

“நானா சொன்னேன்? டீக்கடையில பேசிக்கிட்டாங்க. நமக்கு ஏது அக்கா எழுத்து?” என்றான் தீர்த்தகிரி.

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. அடங்காத பையன்களைத் தூணில் கட்டாதே, இருட்டறையில் போட்டுப் பூட்டாதே என்று வாத்தியார்களுக்கு வந்த உத்தரவு அது. போன வாரம்தான் கதவில் ஒட்டியிருந்தாள்.

வந்த சிரிப்பு வேடியம்மாளை நினைத்ததும் நின்றுவிட்டது. ஏழாம் வகுப்பு, பதின்மூன்று வயது. கல்யாண வயதுச் சட்டத்தை டீச்சர் சொல்லிப் பார்த்தபோது, ‘சட்டம் மெட்ராசுல இருக்குது, மாப்பிள்ளை பொம்மிடியில இருக்கறான்’ என்று ஊரே சிரித்தது.

“எங்க, உங்க வாயால படிங்க, கேக்கறேன்” என்றாள் ராணியம்மாள்.

டீச்சர் கதவருகே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். “‘பள்ளியில் பயிலும் பிள்ளைகளை...’” அடுத்த இரண்டு சொற்கள் ‘கயிற்றால் தூணில்’. அங்கே பலமாக இருமினாள். “‘...கட்டி வைக்கவோ, அடைத்து வைக்கவோ கூடாது.’”

“அடைச்சு வைக்கவுமா? பெரிய மனுஷியானா குச்சுலகூட ஒக்கார வைக்கக் கூடாதா?”

“பூட்டக் கூடாதும்மா.”

“குச்சுக்கு யாராச்சும் பூட்டுப் போடுவாங்களா? சரி, பேரை வெட்டிடுங்க. தீந்துது.”

“பரீட்சை முடியாம வெட்ட முடியாது.”

“முடிஞ்சு எட்டாவது போயிட்டா?” என்று இழுத்தான் தீர்த்தகிரி. “அங்கியும் இதே ஆர்டருங்களா?”

“அங்கியும்தான்.”

“கம்பைநல்லூர் ஹைஸ்கூல்ல?”

“எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும்.”

“காலேஜுக்கு?”

“டேய், காலேஜுக்கு எவடா போறா?” என்று சீறினாள் அக்கா.

“இல்லக்கா, வந்ததுக்கு எல்லாத்தையும் கேட்டுக்கலாம்னுதான்.”

“எந்தச் சட்டத்துலயும் ஒரு சந்து இருக்குமே டீச்சரம்மா?” என்றாள் ராணியம்மாள்.

“இருக்குது” என்று டீச்சர் உள்ளதை உள்ளபடி படித்தாள். “‘பிறருக்கு ஆபத்து நேரும் என்றால் மட்டும், வேறோர் ஆசிரியர் முன்னிலையில் சிறிது நேரம் கட்டி வைக்கலாம். அமைதியானதும் உடனே விட்டுவிட வேண்டும்.’”

ராணியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். “அட கருமமே! சித்த நேரம் கட்டி வச்சுட்டு உட்டுடறதா? அதுவும் வாத்தியார வச்சுக்கிட்டு? எங்க வம்சத்துல கட்டினா கட்டினதுதான்!”

“அதான் ஆர்டர்.”

“மீறினா?”

“வேலை போயிடும்.”

யாருடைய வேலை என்று டீச்சர் சொல்லவில்லை. ராணியம்மாள் முகம் வெளுத்தது. “ஐயோ, வேண்டாம் சாமி! அவன் ரயில்வேயில நொழையறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காதடா. நான் வேற எடம் பாத்துக்கறேன்.”

“உன் புள்ளைக்கு உத்தியோகந்தானே முக்கியம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்க்கா” என்றான் தீர்த்தகிரி, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் பஸ்ஸைப் பிடிக்க விடுவிடுவென்று நடந்தாள். தம்பி அங்கேயே நின்றான். டீச்சருக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. எழுத்து வாசனை இல்லாத மனுஷன், நம்பிக் கேட்டான், வாய் கூசாமல் ஏமாற்றிவிட்டோமே! ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம்தான். ஆனால் இவனிடம்?

“தீர்த்தகிரி, உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். கட்டி வைக்கறதுன்னா...”

அவன் அக்கா திருப்பத்தில் மறைந்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டான். பிறகு கதவருகே போய், காகிதத்தில் விரலை வைத்து, “க...யிற்...றால், தூ...ணில்” என்று எழுத்துக் கூட்டினான்.

“எம்புள்ள சொல்லிக் குடுத்த எழுத்துங்க டீச்சர். காளியப்பன் எட்டாவது பாசு; அவன் வந்து படிச்சுப் பாக்கறதுக்குள்ள இந்த ரெண்டு வார்த்தை மேல மட்டும் கொஞ்சம் பேனா மசியைக் கொட்டிடுங்க.”